அம்மாவை ஒரு நாள் தாரமங்கலம் அழைத்துப் போக

சிங்கப்பூரிலிருந்து பிப்ரவரி கடைசியில் பத்து நாள் விடுப்பில் சேலம் வருகிறீர்கள். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பல வருடச் சர்க்கரை. ஒரு நாள் வாடகைக் கார் எடுத்துத் தாரமங்கலம், மேட்டூர், ஏற்காடு மூன்றையும் காட்டிவிட முடியுமா, எந்த வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: போன முறை மைசூர் அழைத்துப் போனபோது "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காரிலேயே இருக்கிறேன்" என்று அம்மா பாதி நாள் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வரிசையைக் கூகுள் வரைபடமே சொல்லிவிடும்.

நான் சேலத்தில் 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தாரமங்கலத்துக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருப் பெரியவர்களை வேன் வைத்து அழைத்துப் போகிறேன். இரண்டு கூட்டத்தையும் மேய்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகள் எளிது. களைத்தால் களைத்தேன் என்பார்கள், பசித்தால் அழுவார்கள். பெரியவர்கள் இரண்டையும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பணம் செலவழித்து அழைத்து வந்திருக்கிறானே, நம்மால் ஏன் தடை என்று வாயை மூடிக்கொள்வார்கள். காரில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றால் அதில் முக்கால் பங்கு கால் வலி, மீதி வேறு ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தூரம். தாரமங்கலம் சேலத்துக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேட்டூர் அதே பக்கம் இன்னும் தள்ளி, சேலத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். ஏற்காடு நேர் எதிர்ப்பக்கம், வடகிழக்கே 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட ஓட்டுநரால் முடியும். உங்கள் அம்மாவின் முழங்காலால் முடியாது. காரில் ஏறி இறங்குவதுதான் மூட்டு வலிக்காரர்களுக்குக் கொடுமை. நடப்பதைவிட அதுதான் வலிக்கும். மூன்று ஊர், ஒவ்வொன்றிலும் இரண்டு நிறுத்தம், நடுவில் சாப்பாடு என்றால் ஏழெட்டு முறையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஆகவே மேட்டூரை எடுத்துவிடுங்கள். 1934இல் கட்டி முடித்த அணை அடுத்த விடுப்பு வரைக்கும் அங்கேயே இருக்கும். ஒரே ஒரு விலக்கு: அம்மாவின் பிறந்த வீடு அணைக்குள் மூழ்கிய ஊர்களைச் சேர்ந்ததாக இருந்தால் மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு மேட்டூருக்கு மட்டும் போங்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும். தாத்தா பாட்டி கும்பிட்ட நந்தியைப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைக் காலையில் பாருங்கள். எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். காரணம் கல். பிப்ரவரி கடைசியிலேயே சேலத்து வெயில் வேலையைத் தொடங்கிவிடும். பதினொரு மணிக்குப் பிரகாரக் கருங்கல் தோசைக்கல்தான். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கலாம். நமக்குச் சுரீரென்று சுட்டுக் காலை எடுத்துவிடுவோம். அவர்களுக்குச் சுடுவதே தெரியாது, மறுநாள் கொப்புளமாக நிற்கும். என் வேனில் வந்த ஒரு பெரியவருக்கு அப்படி ஆகி, ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து தடித்த பருத்திக் காலுறை இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. கோயிலுக்குள் காலுறையோடு போகலாமா என்று சிலர் தயங்குவார்கள். காலில் புண் வந்துவிடும் என்று வாசலில் சொன்னால் எனக்குத் தெரிந்து யாரும் மறுத்ததில்லை. வீடு திரும்பியதும் இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். நான் மருத்துவன் அல்ல. மாத்திரை நேரம், அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் மாறினால் என்ன செய்வது, மலை ஏறும்போது வாந்திக்கு எதுவும் கொடுக்கலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் பட்டுத் தெரிந்தது.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். வெளியே போகிறோம் என்றால் நம் அம்மாக்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயம். அதனால் தலைவலி, மயக்கம், மலையில் வாந்தி எல்லாம் வரும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதற்கு மருந்து ஒன்றுதான்: எங்கெங்கே சுத்தமான கழிவறை இருக்கிறது, அதில் மேற்கத்திய இருக்கை இருக்கிறதா என்று முந்தின நாளே நீங்கள் பார்த்து வைத்து, கிளம்பும்போது அம்மா கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். "கோயிலிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஓர் இடம் இருக்கிறது, நன்றாக இருக்கிறது." அவ்வளவுதான். குப்பியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கத் தொடங்கும்.

இப்போது கோயில். பதினேழாம் நூற்றாண்டு வரை இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டி வளர்த்த கோயில் அது. மேற்குப் பார்த்த சன்னதி. ஐந்து நிலை ராஜகோபுரத்தின் அடித்தளத்தை யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேர் போலச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே யாளியின் வாயில் உருளும் கல் பந்து, கல்லிலேயே கோத்த சங்கிலி, மேற்கூரையில் விரிந்த தாமரை. ராமன், வாலி சிற்பங்கள் இரண்டும் வேறு வேறு தூண்களில் இருக்கின்றன. ராமன் பக்கத்தில் நின்றால் வாலி தெரிவார், வாலியின் பக்கத்தில் நின்றால் ராமன் தெரிய மாட்டார். இதையெல்லாம் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மாசி மாதத்தில் மூன்று நாட்கள் மாலை வெயில் வாசல் வழியாக நுழைந்து லிங்கத்தின் மேல் விழும் என்பதற்கும் பெரிய கூட்டம் கூடுகிறது. நீங்கள் வரும் நாட்கள் அதை ஒட்டி அமையும். மேகம் மறைத்தால் ஒன்றும் தெரியாது; தெரிகிற நாளிலோ நெரிசலில் அம்மாவால் நிற்க முடியாது. ஆகவே அந்த மூன்று நாட்களையும் விட்டுவிட்டு வேறு நாளில் போங்கள் என்பேன்.

சிற்பிக்கும் அவன் மகனுக்கும் நடந்த போட்டி, கட்டை விரலை வெட்டிய அரசன் என்று யாராவது கதை சொன்னால் ரசித்துக் கேளுங்கள், நம்ப வேண்டாம். நான் போன எல்லாப் பெரிய சிற்பக் கோயிலிலும் அதே கதைதான், அரசன் பெயர் மட்டும் மாறும். எண்கோணத் தெப்பக்குளத்தில் கல்லை எறிந்தால் எல்லாச் சுவர்களிலும் பட்டு எறிந்த இடத்துக்கே திரும்பி வரும் என்பார்கள். இருபது வருடமாக என் மாணவர்கள் நான் பார்க்காதபோது எறிந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கல்லும் வந்து சேர்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

காரில் உட்கார்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு என்றேன் அல்லவா. என் அம்மாவை நான் தாரமங்கலம் அழைத்துப் போனபோது அவருக்கு 74 வயது. என் வழக்கப்படி கோபுர வாசலில் நின்று கெட்டி முதலிகள், மதுரை நாயக்கர் என்று தொடங்கிவிட்டேன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். "எனக்குப் பாடம் எடுக்காதே கண்ணு" என்று சொல்லிவிட்டு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம். தனியாகச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், அவர் கல் சங்கிலிக்குக் கீழே ஒரு தூணைத் தடவிக்கொண்டிருக்கிறார். "இது அம்மிக்கு வருகிற சாதாரணக் கல் இல்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. சொன்னார்: எங்கள் ஊரில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கொத்த ஆள் வருவான், கொத்துவதற்கு முன் உளியின் பின்புறத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். வெண்கலம் போல ஒலித்தால்தான் கல் முழுசு. மந்தமாக ஒலித்தால் உள்ளே நூல் பிளவு இருக்கிறது, கொத்தினால் செதிலாகப் போகும், அரைக்கிற சட்னியில் மண் கடிக்கும். "சங்கிலி முழுக்க ஒரே கல் என்றால், கடைசி வளையத்தில் நூல் பிளவு இருந்திருந்தாலும் அத்தனை நாள் வேலையும் போயிருக்கும். முதலில் எத்தனை கல்லைத் தட்டிப் பார்த்துத் தள்ளினானோ" என்றார்.

அதுவரை நான் ஐந்நூறு பிள்ளைகளுக்காவது அந்தச் சங்கிலியைக் காட்டியிருப்பேன். "கல்லில் சங்கிலி, அதிசயம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கடுத்த ஆண்டிலிருந்து அம்மிக் கதையில்தான் தொடங்கினேன், பிள்ளைகள் முதல் முறையாகக் காது கொடுத்தார்கள்.

உங்கள் அம்மா மைசூரில் காரில் உட்கார்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஊகம்தான். தன் ஊரில், தனக்குத் தெரிந்த கல்லுக்கும் எண்ணெய் வாசனைக்கும் நடுவில், பிள்ளை தன்னைச் சுற்றுலாப் பயணி போல நடத்துவது அந்த வயதில் யாருக்கும் பிடிக்காது. ஆகவே தாரமங்கலத்தில் நீங்கள் கேட்கிறவராக இருங்கள். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். மண்டபத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்துப் போட்டுவிடுங்கள். அம்மா அங்கிருந்து எதைப் பார்க்கிறாரோ அதைப் பார்க்கட்டும். சின்ன வயதில் இங்கே வந்திருக்கிறாரா, யாரோடு, மாட்டு வண்டியிலா பஸ்ஸிலா, கட்டுச்சோறு என்ன என்று கேளுங்கள். ராமன், வாலி இருக்கும் இரண்டு தூண்களுக்கும் மட்டும் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும் ஒரு கருத்து இருக்கும். வாசற்படிகளில் நிலைக்கட்டை உயரம் என்பதால் அங்கே ஒரு கை நிச்சயம் வேண்டும். பாதாள லிங்கத்துக்கு இறங்கும் படிகளைத் தவிர்த்துவிடுங்கள். படம் எடுக்கச் சூரியனைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள்.

பத்தரை மணிக்குக் கிளம்பி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படுக்க விடுங்கள். ஒரு நாள் வாடகை வீணாகிறதே என்று ஓட்டுநரைவிட நீங்கள்தான் பதறுவீர்கள். பதறாதீர்கள். மூன்று மணிக்கு எழுந்து காப்பி குடித்த பிறகு "ஏற்காடு போகலாமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஊருக்குள்ளேயே சுகவனேசுவரர் கோயில் இருக்கிறது. அருணகிரிநாதர் அங்குள்ள முருகனைப் பாடியிருக்கிறார். கிளி முகத்துச் சுக முனிவர் பூசித்த இடம் என்பது தலபுராணம். அங்கிருந்து கோட்டை மாரியம்மன் கோயிலும் பக்கம்தான். சேலத்து எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் அவள்தான் பெரியவள். ஆடியில் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. பிப்ரவரியில் நிம்மதியாகக் கும்பிடலாம். கோயிலை ஒட்டி ஓடுகிற திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையிலிருந்துதான் வருகிறது. இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய ஆறு. ஆற்றில் குளித்த காலத்தைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது இருக்கலாம்.

ஏற்காடு என்று சொன்னால், மலை அடிவாரத்துக்கு முன் ஏற்காடு சாலையிலேயே ஒரு நிமிடம் காரை ஓரங்கட்டுங்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நிறுவிய படப்பிடிப்புக் கூடம். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்துதான் வந்தது. ஆனால் உங்கள் அம்மாவின் வயதுக்கு அந்தப் பெயரைவிட ஜெய்சங்கர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவருடைய துப்பறியும் படங்கள் பல இந்த நிறுவனத்துடையவை. அறுபதுகளின் கடைசியில் சேலத்தில் பள்ளிக்கூடம் போன பெண் என்றால், படப்பிடிப்பு பார்க்க மதில் ஓரம் நின்ற கதை அவரிடமோ அவருடைய தோழியிடமோ இருக்க வாய்ப்பு அதிகம். வளைவுக்குக் கீழே ஓர் அறிவிப்புப் பலகையும் சொல்லாத சேதி அதில் கிடைக்கும்.

மலைப்பாதையில் அம்மா முன் இருக்கையில் உட்காரட்டும், கண் தூரத்தைப் பார்க்கட்டும், செல்பேசி வேண்டாம். மதியச் சாப்பாடு அரை வயிறு. 1,500 மீட்டர் உயரம் என்பது மூச்சுத் திணறும் உயரம் அல்ல. இதய நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். மேலே போனதும் ஏரியில் படகு, கிளியூர் அருவி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அருவிக்கு இறங்கும் படிகள் மூட்டு வலிக்காரர்களுக்கு விதித்த தண்டனை. மூன்றரைக்குக் கிளம்பினால் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விடலாம். ஏற்காட்டின் உச்சிப் பகுதி அது, கோயில் அருகு வரை கார் போகும். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகளின் தெய்வம். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்தது என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பதும் நம்பிக்கைதான். அளந்து பார்த்தவர் யாருமில்லை. குகைக்குள் குனிந்து போக வேண்டும், இருட்டு. அம்மாவால் முடியாவிட்டால் வெளியிலிருந்தே சூடம் காட்டிக் கும்பிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வெளியே காற்றுக்குக் குறைவில்லை.

திரும்பும் வழியில் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நிறுத்துங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த மாதம் ஒரு மழை விழுந்திருந்தால், பத்து நாள் கழித்துக் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். மல்லிகை நெருங்கிய உறவோ என்று சந்தேகம் வரும் வாசனை. மழை இல்லாவிட்டால் வெறும் பச்சை. அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி எப்போதும் உண்டு.

இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள். கீழே வந்து அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். பல் செட் வைத்திருந்தால் நொறுக்கல் என்று கேளுங்கள், உடைத்தே தருவார்கள். சர்க்கரைக்கு ஒரு தட்டு போதும். சால்வையை டிக்கியில் போடாமல் காலையிலேயே அம்மாவின் மடியில் கொடுத்துவிடுங்கள். மலையில் ஐந்து மணிக்குக் காற்று திரும்பும், அப்போது பையைத் திறந்து தேட நேரம் இருக்காது. குளிர்கிறது என்று அவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.